இடது பக்கம் மட்டுமே திரும்பும் கார்

…அந்த மனுஷன் வேணும்னே பண்றாரு டீச்சர், நான் சொல்றேன் எழுதி வெச்சுக்கோங்க. ஆறு பேரு. வரிசையா ஆறு பேரு. லைசென்ஸ் டெஸ்டுக்கு நான் அனுப்பின ஆறு பேரையும் ஒரு இன்ஸ்பெக்டர் ஃபெயில் போட்டுத் திருப்பி அனுப்புறாருன்னா அதுக்கு என்ன அர்த்தம்? இருபத்திரெண்டு வருஷமா கார் ஓட்டக் கத்துக்குடுக்குறேன். என்கிட்ட கத்துக்கிட்டவங்க இன்னிக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுறாங்க, லாரி ஓட்டுறாங்க… கிளட்ச்ச மெதுவா விடுங்க, மெதுவா… ம். இப்ப செகண்ட் போடுங்க. நீங்க ஏழாவது. நாளைக்குக் காலைல உங்களுக்கு டெஸ்ட். நீங்களும் ஃபெயில் ஆனா கார் சாவிய மேஜை மேல வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுன்னு எங்க மொதலாளி சொல்லிட்டாரு. அதையும் என் முகத்தப் பாத்துச் சொல்லல, போன நோண்டிக்கிட்டே சொல்றாரு. இந்த வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான், சொல்லுங்க.

என்னைப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க. அதோ இடது பக்கம் லைப்ரரி வருது பாருங்க, அங்க ஓரங்கட்டுங்க. இண்டிகேட்டர்… ஆங். எதுக்கா? பார்க்கிங் பிராக்டிஸ். உள்ள ஒருத்தரப் பாக்கணும், ரெண்டே நிமிஷம். இஞ்சின ஆஃப் பண்ணிடுங்க.

…வந்துட்டேன். ரொம்ப நேரம் ஆயிடுச்சா? பத்து நிமிஷமா? இருக்காதே… சரி, இருக்கும். அவரு பேச ஆரம்பிச்சா லேசுல விட மாட்டாரு. ம், எடுங்க, கண்ணாடியப் பாத்து எடுங்க. என்ன சிரிக்கிறீங்க? இல்ல, சிரிச்சீங்க, நான் பாத்தேன். நேத்து பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர், முந்தாநாள் பெட்ரோல் பங்க்ல ஒருத்தர், இன்னிக்கு லைப்ரரில ஒருத்தர்… டீச்சருங்க கிட்ட இதான் தொல்லை. எந்தப் பையன் ஒரு பீரியடுக்கு எத்தன தடவ எழுந்து வெளிய போறான்னு மனசுக்குள்ளயே குறிச்சு வெச்சிருப்பீங்க.

சரி, தெரிஞ்சுபோச்சு, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆமா, அதுக்குத்தான் போறேன். அரை மணிக்கு ஒரு தடவ. சில நாள் அதுகூடத் தாங்காது. போனா வந்துடுதான்னா, அதுவும் இல்ல. வந்துடும் வந்துடும்னு உயிர் போற மாதிரி ஓடுவேன், போய் நின்னா ஒண்ணும் நடக்காது. செவுத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன். லைப்ரரி செவுத்துல எத்தன விரிசல் இருக்குன்னு கேளுங்க, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். அப்புறம் சொட்டு சொட்டா… சரி விடுங்க, பொம்பளைங்ககிட்ட பேசுற பேச்சா இது. முடிஞ்சுதுன்னு கார்ல வந்து உக்காந்தா, முடியலங்குது.

லாரிக்கு வழி விடுங்க. அவன் போகட்டும்.

வீட்டுல இதவிட மோசம். நமக்கு அங்க தண்ணி சத்தம் கேட்டாத்தான் கொஞ்சம் வருது, அதனால பைப்பத் திறந்து விட்டுட்டு நிப்பேன். என் வீட்டுக்காரி என்ன நெனச்சா தெரியுமா? பேசுறது வெளிய கேக்கக் கூடாதுன்னு பைப்பத் திறந்துவிட்டுட்டு உள்ள யாரோடயோ போன்ல பேசுறேனாம். கதவுல காத வெச்சுக் கேட்டிருக்கா. அம்பத்தெட்டு வயசுல எனக்கு அந்தக் கௌரவம் வேற. நானும் ஒரு வாரம் மறுக்கல, நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும்னு இருந்தேன். நெசத்தச் சொல்றதவிட அது மரியாதையா இருந்துச்சு.

அப்புறம் தண்ணி குடிக்கிறத நிறுத்திப் பாத்தேன். உள்ள போனாத்தான வெளிய வரும்? காலைல அரை டம்ளர், அவ்ளோதான், சாயங்காலம் வரைக்கும் வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். எரிச்சல் வந்துச்சு பாருங்க… அரை மணி கால் மணி ஆயிடுச்சு. நீங்க எதுக்கு இப்ப தலைய ஆட்டுறீங்க? கையெழுத்து சரியில்லாத பையனப் பாக்குற மாதிரி பாக்காதீங்க.

டாக்டர்கிட்டயும் போகாம இல்ல. போனேன். இருமலுக்குப் போனேன். கூட வந்த என் வீட்டுக்காரி எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டா. அவரு உடனே பேனாவ மூடிட்டு, ராத்திரி எத்தன தடவ எழுந்திரிக்கிறீங்க, வேகம் எப்படி, நின்னு நின்னு வருதான்னு கேள்வியா கேக்குறாரு. ஆம்பளைங்களுக்கு உள்ள ஒரு சுரப்பி இருக்காம், பேரு புராஸ்டேட்டாம். வயசானா அது பெருசாகுமாம், பெருசானா வர்ற வழிய நெருக்குமாம். நிறையப் பேருக்கு இது வர்றதுதானாம், பாதிப் பேருக்கு மாத்திரையிலயே அடங்கிடுமாம். நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாரு, கடைசில ஒரு 'ஆனா' போட்டாரு. ஆனா சுகரா இருக்கலாம், கிருமியா இருக்கலாம், அந்த சுரப்பியிலயே வேற ஏதாவது இருக்கலாம், பாத்தாத்தான் தெரியும்னாரு. ரத்தம் டெஸ்ட் பண்ணணும், பெரிய டாக்டர் கையாலயும் பாக்கணும்னாரு. பெரிய டாக்டருக்கு ஒரு கடுதாசியும் எழுதிக் குடுத்தாரு.

அந்தக் கடுதாசி எங்கன்னா? இதோ, என் முன்னாடி டேஷ்போர்டுல இருக்குற டப்பாலதான். ரோட்டு சிக்னல் புத்தகத்துக்கு அடியில. எட்டு மாசமா அது பாட்டுக்கு இருக்கு. தினமும் நம்ம கூட ரவுண்டு வருது, அதுக்கே இந்நேரம் லைசென்ஸ் குடுத்துருக்கலாம்.

சைக்கிள்காரன் வர்றான், தள்ளிப் போங்க.

இப்ப அந்த ஆறு பேரு கதைக்கு வரேன். அவங்க என்ன தப்புப் பண்ணாங்கன்னு நெனைக்கிறீங்க? டெஸ்டுக்குப் போற வழில அந்தப் பெட்ரோல் பங்க் இருக்கா… அது வந்ததும் ஒவ்வொருத்தரும் அவங்களாவே இடது இண்டிகேட்டர் போட்டு, உள்ள திருப்பி, பின்பக்கம் நான் போற அந்தக் கதவுக்கு எதிர்ல நிறுத்தி, இஞ்சின ஆஃப் பண்ணிட்டுக் கை கட்டி உக்காந்துக்கிட்டாங்களாம். அஞ்சாவது ஆளு ஒரு மளிகைக்கடைக்காரர், ரொம்பப் பணிவானவரு. அவரு திரும்பிப் பாத்து, "சார், நீங்க இறங்கலையா?"ன்னு கேட்டிருக்காரு.

சிரிங்க, நல்லா சிரிங்க. என் பொழப்பு போகுது.

ஆறாவது ஒரு பொண்ணு. அது கெட்டிக்காரி, பங்க்ல நிக்காமத் தாண்டிடுச்சு. அடுத்த சிக்னல்ல வலது பக்கம் திரும்பச் சொன்னா, வலது பக்கம் திரும்பி எனக்குப் பழக்கமில்ல சார்னு சொல்லி இடது பக்கமே போயி, சுத்திக்கிட்டு வந்து, கடைசில அதே பங்க்ல நிறுத்திருக்கு. அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் எங்க மொதலாளிக்குப் போன் போட்டு, யாருய்யா இவங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்குறதுன்னு கேட்டிருக்காரு.

ஆமா. நீங்களும் வலது பக்கம் திரும்பினதில்ல. இருபது நாளா இடதுதான். அந்தப் பக்கம் நெரிசல்னு சொன்னேன்ல? நெரிசல் எல்லாம் ஒண்ணும் இல்ல. அங்கதான் ஆஸ்பத்திரி இருக்கு. அந்தக் கட்டடம் கண்ணுலயே படக் கூடாதுன்னுதான் இடது.

என் அண்ணன் அங்கதான் போனான். இதே சோலிதான். டெஸ்ட் எடுக்குற வரைக்கும் நல்லா இருந்தான் டீச்சர், டெஸ்ட் எடுத்த ஏழாவது மாசம் போயிட்டான். அதனால டெஸ்டே எடுக்கக் கூடாதுன்னு… என்ன? எத்தன நாளா இத மறைச்சு வெச்சிருந்தான்னா? அது… ரெண்டு வருஷம். அவனும் வெளிய சொல்லல. இன்னும் முன்னாடியே வந்திருந்தா பாத்திருக்கலாமேன்னு டாக்டர் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். என் காதாலதான் கேட்டேன்.

பயம் டீச்சர். வேற ஒண்ணும் இல்ல. பயம்தான். அந்தக் கடுதாசியப் பிரிச்சா அதுல என் பேருக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குமோன்னு.

சரி, சரி. பங்க் வருது. இடது இண்டிகேட்டர் போடுங்க. ஆமா, மறுபடியும்தான், என்ன பண்றது? இண்டிகேட்டர்… டீச்சர்… பங்க். டீச்சர், பங்க். இந்தப் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கு, தெரியும்ல, நானே அமுக்கிடுவேன். அமுக்கிடுவேன்… கால் மேல கால் போட்டு இறுக்கிக்கிட்டு இருக்கேன், இப்ப எடுத்தா சீட்டுக்கு நல்லதில்ல. ஐயோ, தாண்டிட்டீங்களே. அந்தப் பங்க்ல எனக்குன்னே தனியா ஒரு சாவி செஞ்சு குடுத்திருக்காங்க டீச்சர்.

சிக்னல். சிவப்பு. நில்லுங்க… சரியா கோட்டுக்கு முன்னாடி நிறுத்திட்டீங்க. இது எதுக்கு வலது இண்டிகேட்டர்? வேணாம். இருபது நாளா போகாத பக்கம் இன்னிக்கு எதுக்கு? எதிர்ல வண்டி வரும், உங்களுக்குப் பழக்கம் இல்ல, நான் சொல்றதக் கேளுங்க… பச்சை விழுந்துடுச்சு. எதிர்ல பாருங்க, அந்த பஸ் போகட்டும்… இப்ப. இப்பத் திருப்புங்க, ஸ்டியரிங்க முழுசா… ம். ம். அட, கத்துக்கவே இல்ல, இவ்ளோ சுத்தமாத் திரும்புறீங்க.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள விடாதீங்க. விட்டுட்டீங்க. அந்த ரெண்டு காருக்கும் நடுவுல இடம் பத்தாது, ரிவர்ஸ்ல வந்தாத்தான்… இருங்க, கண்ணாடியப் பாருங்க, கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… நிறுத்துங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நாளைக்கு இதே மாதிரி ஓட்டுங்க டீச்சர், அந்த மனுஷன் உங்களுக்கு எழுந்து நின்னு கையெழுத்துப் போடுவாரு.

டப்பாவ எதுக்குத் திறக்குறீங்க? அந்தக் கடுதாசி… டீச்சர், எங்க இறங்குறீங்க? சாவி. சாவியக் குடுத்துட்டுப் போங்க. டீச்சர்…

அண்ணே, வாட்ச்மேன் அண்ணே, இங்க டாய்லெட் எந்தப் பக்கம்? அவசரம்ணே… கீழ இல்லையா? மாடியிலயா. எந்த ரூமுக்குப் பக்கத்துல? …ம். அந்தப் பெரிய டாக்டர் ரூமுக்குப் பக்கத்துலயேவா. நல்ல எடமாப் பாத்துதான் கட்டிருக்காங்க.

டீச்சர், டோக்கன் வாங்கிட்டு மாடிப்படிகிட்ட நில்லுங்க. நான் போயிட்டு நேரா அங்க வந்துடுறேன். ஓடிட மாட்டேன் டீச்சர்… சாவி உங்ககிட்டதான இருக்கு.