சுபஹுக்குப் பிறகு ஒரு நித்திரை

சண்டை முடிந்த மறுவருடம், அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குத் திரும்பும் பின்னேர பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் புதிதாகக் கடை போடப் போகிறவர். மற்றவர் கல்முனையில் பேர்போன புடைவைக் கடைக்காரர். கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் தூக்கம் கலைந்தது.

"சுபஹ் தொழுதுட்டு நான் திரும்பவும் படுத்துருவன் மச்சான்."

"என்ன கதை இது? விடியக்க படுத்தா பறக்கத் போயிரும், கையில காசு தங்காது எண்டுதானே நம்மட உம்மாமார் அடிச்சி எழுப்பின. பிறகு எப்புடி நீ இப்புடி முன்னேறின? பஜாரிலயே முதல்ல தொறக்கிறது உன்ட கடைதானே."

"ஓம். ஆனா அந்த நித்திரையிலதான் சல்மா வாறா."

"சுனாமியோட போன உன்ட மனுசி கனவுல வாறாவா?"

"மத்த நேரத்துல வாறல்ல."

வெளியே ஒலுவில் வயல்கள் மஞ்சள் வெயிலில் மெல்ல மிதந்து பின்னால் போயின.

"வந்து என்ன சொல்றா?"

"முந்திச் சொல்றதுதான். எழும்புங்க, தேத்தண்ணி ஆறுது எண்டுவா. நானும் எழும்பிக் குசினிக்குப் போவன்."

"போய்?"

"அடுப்பு குளிர்ந்து கிடக்கும். அதுக்குப் பிறகு வீட்டுல இருந்து என்ன செய்யிற மச்சான்? போய்க் கடையத் தொறக்கிறதுதான்."