எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணு

"ஹலோ... ஹலோ... பரமசிவமா? வைதேஹி பேசறேன், ஆபீஸ்லேந்து... கொஞ்சம் சத்தமா பேசுங்க, வெறும் இரைச்சலா வருது... லீவுதான், தெரியும். குழந்தைக்கு ஜுரம், அதுவும் தெரியும். இங்க கம்ப்யூட்டர் போச்சு... போச்சுன்னா போச்சு. ஹார்ட் டிஸ்க்கே காலி. இஞ்சினியர் வந்து பாத்துட்டு கையை விரிச்சுட்டார்."

காலையிலிருந்தே வைதேஹிக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. அந்த டிஸ்க்கில் இருந்தது, ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு வருஷமாக அவள் நடத்தும் ஆய்வு. தில்லிக் குடிசைகளில் இருந்த தமிழ்ப் பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தங்கள் கதையைத் தாங்களே சொன்னது. அவள் கேசட்டில் பிடித்து வருவாள், பரமசிவம் அதைக் கேட்டு இங்கிலீஷில் அடிப்பான். அடித்து முடிந்த கேசட்டிலேயே அடுத்த பேச்சைப் பதிவு செய்துவிடுவாள். அந்தக் குடிசைகளையும் போன மாதம் இடித்துவிட்டார்கள். இனி யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? சனிக்கிழமைதோறும் பரமசிவம் ஃப்ளாப்பியில் எடுத்து வைத்த நகல்தான் ஒரே கதி.

"எல்லா ஃப்ளாப்பியும் போட்டுப் பாத்தாச்சு. மே மாசம் வரைக்கும் இருக்கு... ஆமா, ஆமா, அது நான் மொத்தமா எடுத்தது. அதுக்கப்புறம் நீங்க எடுத்தது ஒண்ணுலயும் ஒண்ணுமில்ல... உடையல, பூசணம் பிடிக்கல, காலியா இருக்கு. லேபிள்ல மட்டும் முத்து முத்தா தேதி... இருங்க, இருங்க. என்ன கமாண்ட் போட்டீங்க?... எக்ஸ்காப்பி... ம்... சி-லேந்து ஏ... ஸ்லாஷ் டி போட்டு, முந்தின சனிக்கிழமை தேதி... சரியாத்தானே இருக்கு. ஸ்க்ரீன்ல என்ன வந்துது?... ஜீரோவா? எத்தனை வாரமா?... வாரம் பூரா விரல் தேய அடிச்சுட்டு, ஒரு ஃபைல்கூட காப்பி ஆகலைன்னு அது சொன்னா, உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?... புதுசா எடுக்க ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுட்டீங்களா. அச்சா. ரொம்ப நன்னா நெனச்சீங்க."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மே மாத ஃப்ளாப்பியில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்தாள். பெயர் வேறு வேறாக இருந்தது. தேதி மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒன்றேதான். அடித்தது எண்பத்தேழில், திரையில் நின்றது எண்பது.

"பரமசிவம், காலையில மெஷின் போட்டதும் தேதி கேக்குமே, என்ன அடிப்பீங்க?... என்டர். வெறும் என்டர்... தினமுமா? அரே பகவான். அதுக்குன்னு உள்ள கடிகாரம் கிடையாது. நாம சொல்லலைன்னா அதுக்கு என்னிக்கும் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணுதான். போன சனிக்கிழமைக்கு அப்புறம் மாறினத மட்டும் எடுன்னா, எல்லாம் ஏழு வருஷப் பழசுன்னு ஒதுக்கித் தள்ளிடும்... ஆமா, அதனாலதான் ஜீரோ... இந்த ஆபீஸ்ல டீ பில்லுல இனிஷியல் போட்டாக்கூட, கீழ தேதி போடாம யாரும் பேனாவ மூடறதில்ல. மெஷின் தானா கேக்கறது, அதுக்குச் சொல்ல மட்டும் கை வரலியா?"

டைரக்டர் சேஷன் கதவருகில் வந்து நின்றார். யாருடைய தவறு என்று அவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். பரமசிவம் தற்காலிக ஆள். அவர் ஒரு வரி எழுதினால் போதும், நாளையிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. அவரைப் பார்த்ததும் வைதேஹியின் குரல் இன்னும் ஏறியது. இதற்குள் இரைச்சல் அடங்கி, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் லைன் தெளிந்திருந்தது.

"பொன்னம்மாள் பேசினது ஞாபகம் இருக்கா? சாரத்துலேந்து புருஷன் விழுந்தது... யார்கிட்டயும் சொன்னதில்லைன்னு அழுதுண்டே சொன்னாளே. அவள இனி எங்க போய்த் தேடறது? சொல்லுங்க... உங்களுக்கும் வயித்தெரிச்சல்தான், இருக்கட்டும். அதனால ஃபைல் திரும்ப வந்துடுமா?... இல்ல, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்கு பதில் சொல்லுங்க. தேதி அடிக்க வேண்டாம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

மறுமுனையில் பரமசிவம் பதில் சொன்னான்.

"யாரு?... முதல் நாளா?... நானா?"

அவன் எதிர்த்துப் பேசவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அவளுக்கும் நினைவு வந்தது. அந்த முதல் நாள், அவளைக் கூட்டிப்போக வந்த ஜீப் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மெஷின் தேதி கேட்டது, நேரம் கேட்டது. அவன் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள்தான் அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி இரண்டு தடவை என்டரைத் தட்டி, இது சும்மா கேட்கும், இப்படித் தட்டிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினாள். மே மாதத்தில் ஃப்ளாப்பி மிச்சமாகட்டும் என்று, மாறினதை மட்டும் எடுக்கும் அந்த ஸ்லாஷ் டியைச் சொல்லிக் கொடுத்ததும் அவளேதான்.

சேஷன் என்னவாம் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். கரோல் பாகில், வீட்டுச் சொந்தக்காரர் கூடத்தில் ஃபோனைப் பிடித்து நின்ற பரமசிவத்தின் தோளில் குழந்தை இருமுவதுகூட வைதேஹியின் காதில் விழுந்தது.

"ஹலோ... ஹலோ... பரமசிவம்?... கேக்கலியே... என்ன சொல்றீங்கன்னே புரியல... ஹலோ..."

"லைன் கட்டாயிடுத்து சார்" என்று சேஷனிடம் சொன்னாள். மேடம், மேடம் என்று இன்னும் குரல் வந்துகொண்டிருந்த ரிசீவரை வைத்தாள்.