எதிர் ராட்டை

மழைக்காற்று அடித்தால் நூல் அறாது, ஏமானே. வெயில் காலத்தில் பஞ்சு முறுகிவிடும்; இழுத்த இழுப்பில் பொட்டென்று போகும். இன்றைக்குப் பாருங்கள், வெளியில் நல்ல சாரல். வீட்டில் இருந்திருந்தால் ராட்டை முன்னால் உட்கார்ந்திருப்பேன். சரி, அதை விடுங்கள். நான் ஒழுங்காக முதலில் இருந்து சொல்கிறேன். ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும். முடித்த பிறகு எனக்கு ஒருதரம் தமிழில் வாசித்துக் காட்டினால் போதும்.

என் பெயர் சண்முகவடிவு. சுசீந்திரத்தில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் வீடு. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அம்மா போனபோது தங்கை நாகம்மைக்குப் பால்பல்கூட விழவில்லை. வளர்த்தது நான். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கதர்ப் பைத்தியம். எங்களுக்கு ஆளுக்கொரு பெட்டி ராட்டை வாங்கித் தந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். எதிரெதிராக வைத்துக்கொண்டு நூற்போம். கூலிக்கு இல்லை, வயலில் வருவது சாப்பாட்டுக்குக் காணும். ஆசைக்குத்தான். பருத்தியில் கொட்டை எடுத்து, வில்லால் அடித்து, நூற்கிற பஞ்சைப் பட்டையாக உருட்டுவது அவள். சாயம் போடுவது நான். பின்கட்டில் நீலச் சால் உண்டு. அவுரிக் கட்டியைச் சுண்ணாம்பும் கருப்பட்டியும் போட்டுப் புளிக்க வைத்திருக்கிற பெரிய பானை. அதில் முக்கி எடுக்கும்போது நூல் பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் கண்முன்னால் நீலமாகும். ஒவ்வொரு தடவையும் நாகம்மை அதை முதன்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி சிரிப்பாள். எங்கள் இரண்டு பேர் நகமும் நீலம். "வாத்தியார் பிள்ளைகளைத் திருவிழாக் கூட்டத்துல தொலைச்சாலும் கவலையில்ல, கையை நீட்டச் சொன்னாப் போரும்" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

நூற்பதில் ஒரு சங்கதி உண்டு. எதிரில் இன்னொரு ராட்டை ஓடினால், அந்தச் சத்தத்துக்கு நம் கை தானாக இழுக்கும். நூல் ஒரே கனத்தில் வரும். தனியாக உட்கார்ந்தால் எனக்கு ஓரிடம் தடிக்கும், ஓரிடம் மெலியும். இது உங்களுக்குச் சின்னக் காரியமாகப் படலாம்.

தேரூர் சிவதாணுவுக்கு அவளைக் கொடுத்தோம். நல்ல மனுஷன். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. அதையும் எழுதுங்கள். செத்தவரைப் பற்றி அநியாயமாகச் சொல்லக் கூடாது.

மறுவீட்டுக்கு வந்தபோது அவள் நகத்தைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"ஏட்டி, நகம் என்னாச்சு?"

"எலுமிச்சங்காய் போட்டுத் தேச்சேன் அக்கா. நீலக் கையால சோறு விளம்புனா, பாம்பு கடிச்சவ விளம்புன மாதிரி இருக்குன்னு அவிய சொன்னாவ."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். "மைனி, நீங்க பஞ்சைக் கெட்டிக்கிட்டிய. இவளையும் அதுக்கு ரெண்டாந்தாரமாக் கேக்காதீங்க."

நாகம்மையும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வேதனையை மறைக்கிறவள் அப்படித்தான் சிரிப்பாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அதற்குப் பிறகு எப்போது போய்ப் பார்த்தாலும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். என் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த சமயம், அவருக்குப் பீருமேட்டு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேலை கிடைத்தது. புரட்டாசியில் அடுத்த கன்னிப்பூ அறுவடை கழிந்ததும் குடிபோவதாகப் பேச்சு. நான் தேரூர் போனேன். அவள் அப்போதே ட்ரங்குப் பெட்டியில் அவருடைய சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, உன் ராட்டையை எப்ப எடுத்துக்கிடப் போறே?"

"அது அங்கயே கிடக்கட்டும் அக்கா. மலையில அது என்னத்துக்கு?"

சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலர் மடிப்பைத்தான் நீவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, அன்றைக்கே வெள்ளை நூல் நூற்க உட்கார்ந்தேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நீலச் சால் சில சமயம் உறங்கிவிடும், நிறம் எழும்பாது. அதை எழுப்புவதற்குத் தாளகம் என்று ஒரு மஞ்சள் கல்லைச் சில சாயக்காரர்கள் போடுவார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும். பாஷாணம், தொட்டால் கையை நன்றாகக் கழுவணும் என்று அப்பா சொல்லுவார். நான் எப்போதும் நன்றாகக் கழுவுவேன்.

சிவதாணுவுக்குச் சாப்பிட்டதும் வயிறு பொருமும். பழைய தொந்தரவு. நான் இஞ்சி லேகியம் கிண்டிக் கொடுத்தேன். ஜாடி வாயைத் துணியால் மூடி, நீல நூலால் கட்டியிருந்தேன். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதுதான். அந்த நூலைப் பாருங்கள். நாகம்மை எதிரில் இருந்த காலத்தில் நூற்றது. எவ்வளவு சீராக இருக்கிறது.

அவள் விரலால் வழித்து ருசி பார்க்கப் போனாள். நான் கையைத் தட்டிவிட்டேன். "ஆம்பளையளுக்குள்ள மருந்து மக்கா, நீ தொடப்பிடாது." அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஜாடி காலியாகும்போதெல்லாம் அவரே ஆள் சொல்லி அனுப்புவார். ஆள் மெலிந்துகொண்டே போனார். வைத்தியர் குடல்வாதம் என்றார். பார்க்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்வார். "மைனியோட கைப்பக்குவத்துலதான் உயிர் கிடக்கு" என்பார். சமையலைக் குறை சொல்லாத மனுஷன், அதுவும் உண்மை.

ஆவணியில் முடிந்தது. மலைக்குப் போகக் கட்டிய பெட்டி கட்டியபடியே இருந்தது. ஆமாம், கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

இனி அந்த வெள்ளை நூல். புருஷன் போனால், பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருந்து கோடிச்சீலை போகணும். கரையில்லாத வெள்ளை. அது எங்கள் முறை. எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை, நான்தான் போடணும். கடையில் மில் துணி எடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. அவள் இனி ஆயுசுக்கும் வெள்ளைதான் உடுத்தணும், முதல் சீலையாவது அக்கா கையால் இருக்கட்டும் என்று நினைத்தேன். நாகம்மை இல்லாமல் நான் முழுசாக நூற்று முடித்தது அது ஒன்றுதான். ஓரிடத்திலும் தடிக்கவில்லை, மெலியவில்லை. எப்படி என்று எனக்கே ஆச்சரியம்.

கோடி போடுகிற அன்றைக்குப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சிவதாணுவின் அம்மா தாணம்மாள் அழுதுகொண்டே சீலையின் முனையை இரண்டு விரலால் தடவினாள். அழுகை நின்றது.

"இது கைநூல்லா?"

"ஆமா அத்தை."

"ஒரு பிசிறு இல்லியே. எப்ப நூத்தே வடிவு?"

"கையில இருந்தது."

"கரையில்லாமலா கையில இருந்தது?"

அதுவரை குனிந்திருந்த நாகம்மை தலையைத் தூக்கினாள். சீலையைப் பார்த்தாள். பிறகு என் நகத்தைப் பார்த்தாள். ஒரு சீலைக்கு எவ்வளவு நூல் வேண்டும், அதை நூற்க எத்தனை மாசம் ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் அவளுக்குத்தான் தெரியும்.

வேறு யாராக இருந்தாலும் கடைத்துணியோடு போய்த் தப்பியிருப்பார்கள். ஆனால் நல்ல துணி வேண்டும் என்றால் நேரத்தோடு தொடங்கத்தானே வேண்டும்? அதையும் குற்றத்தில் சேர்ப்பீர்களா?

தாணம்மாள் அத்தை வடசேரிக்குப் போய், நெய்து தந்த பொன்னுலிங்கத்தைப் பிடித்துவிட்டாள். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "வைகாசியில நாத்து நடும்போதே வடிவு நூலைக் கொண்டு தந்துச்சு. கரை வைக்கண்டாமான்னு கேட்டேன், வேண்டாம்னு சொல்லிச்சு. யாருக்குன்னேன். தங்கச்சிக்கின்னு சொல்லிச்சு" என்றாராம். சொன்னேன்தான். அந்த நாற்று நடவுக்கு வரப்பில் குடைபிடித்து நின்றவர் சிவதாணு. அந்த வயிற்றுப் பொருமலைத் தவிர உடம்பில் ஒரு குறையும் இல்லை அப்போது.

அதெல்லாம் எனக்குப் பெரிசில்லை. சடங்கெல்லாம் கழிந்ததும் நாகம்மையின் ராட்டைக்கு எண்ணெய் போட்டேன். பட்டை உருட்டி வைத்தேன். அவளைக் கூப்பிடப் போனேன்.

"வா மக்கா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான் இங்கதான் இருப்பேன். அத்தைக்கு வேற யாரு உண்டும்?"

அவ்வளவுதான். அக்கா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் நீங்கள் வந்தீர்கள். ஜாடியை உங்களுக்கு எடுத்துத் தந்தது யார் என்று நான் கேட்கவில்லை. ஜாடி இருந்த மர அலமாரியின் சாவி நாகம்மையின் முந்தானையில்தான் இருக்கும். அதனால் எனக்குக் கோபம் இல்லை. துக்கத்தில் மனுஷர் மாறுவார்கள். கொஞ்சநாள் என்னோடு எதிரில் உட்கார்ந்தால் சரியாகிவிடுவாள்.

பெண்களைத் தூக்கில் போடுவது அபூர்வம் என்று ரைட்டர் சொன்னார். பெண்கள் ஜெயிலில் ராட்டையும் உண்டாம். ஒன்றா, இரண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்லுங்கள் ஏமானே. தனியாக நூற்று எனக்குப் பழக்கமில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. நீங்கள் கேட்கவே இல்லை. அந்த லேகியத்தைத் தினமும் கரண்டியில் எடுத்து அவர் வாயில் கொடுத்தது நாகம்மை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சற்றுமுன் சொன்னேன் இல்லையா, அந்த ஒரு வரியை மட்டும் ரைட்டரிடம் அடித்துவிடச் சொல்லுங்கள்.