பொத்தின கை

கனகாலத்துக்கு முந்தி, உப்பு முழுக்க வெள்ளைக்காரத் துரையின்ரை, வேர்வை முழுக்க எங்கடை சனத்தின்ரை எண்டிருந்த காலத்திலை, இந்தக் கண்டல்குடாவிலை கதிராசி எண்டொரு மனுசி இருந்தாவாம். உப்பளத்திலை உப்புச் சுமக்கிற மனுசி. சந்தியிலை ஒரு பலகை நிக்குதெல்லே, துரைக்குக் கீழை ஊரை அதிகாரம் பண்ணின உடையார் ஒருத்தற்றை பேர் எழுதி? அந்தப் பேரை என்ரை வாயாலை சொல்லமாட்டன். வேணுமெண்டால் போய் வாசியுங்கோ.

கதிராசி வீட்டு அடுப்படியிலை ஒரு பெரிய பானை இருந்ததாம். ஊர்ப் பொம்பிளையள் உலை வைக்கேக்கை அளந்த அரிசியிலை ஒரு பிடி எடுத்து ஒதுக்குவினமாம். வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுவந்து பானைக்குள்ளை போடுவினமாம். பிள்ளை பெத்தவள், காய்ச்சல்காரி, புருசன் குடிச்சு அழிச்சவள், ஆருக்குத் தட்டுப்பாடோ அவள் வந்து அள்ளுவாள். ஆர் போட்டது, ஆர் எடுத்தது எண்ட கதையே இல்லை. பிடியரிசிப் பானை எண்டு பேர்.

ஒரு வருசம் உப்பளத்து ஆம்பிளையள் கூலி காணாதெண்டு வேலைக்கு இறங்கேல்லை. துரைக்குக் கோவம். உடையாருக்கு அதைவிடக் கோவம். பொலிசு வந்து அடிச்சு, கொஞ்சப்பேரைக் கட்டி மறியலிலை, சிறையிலை அடைக்க இழுத்துக்கொண்டு போச்சு. மிச்சப்பேர் வயித்துக்காகத் திரும்பவும் இறங்கீட்டினம். மறியலுக்குப் போனதிலை வைரவன் எண்டவன் ஒருத்தன். அவன்ரை பெண்சாதி அன்னமுத்து. கையிலை பச்சைக் குழந்தை.

உடையார் அவளின்ரை வாசல் படலையிலை வந்து நிண்டு சொன்னாராம்: "கலகத்துக்குத் தலைவன் என்ரை புருசன்தான் எண்டு கோட்டிலை சொல்லு. ஒரு மூட்டை அரிசி இறக்கிறன். சொல்லாட்டிப் பட்டினி கிட."

"கிடக்கிறன்" எண்டாளாம் அன்னமுத்து.

சொல்லுறது லேசு. முலையிலை பால் வத்திப்போச்சு. குழந்தை கத்திக் கத்திச் சத்தமும் அடங்கிப்போச்சாம். கதிராசி பானையை அவளுக்குத் திறந்துவிட்டா. மறியலுக்குப் போனவங்கடை வீடெல்லாம் அந்தப் பானையாலைதான் உலை கொதிச்சதாம்.

உடையாருக்கு விளங்கீட்டுது. பசி வராமல் சாட்சி வராது. ஆக்களோடை வந்தார். பானையைச் சந்திக்குத் தூக்கிவந்து போட்டு உடைச்சார். அரிசியெல்லாம் புழுதியிலை.

"இண்டையோடை உங்கடை கூட்டம் முடிஞ்சுது. இனி அந்த வீடுகளுக்கு அரிசி கொண்டுபோற ஒருத்திக்கும் உப்பளத்திலை வேலையில்லை!"

கதிராசி குந்தியிருந்து அரிசியைக் கூட்டி அள்ளினாவாம். "விடடி" எண்டான் உடையாற்றை ஆள் ஒருத்தன். அவ விடேல்லை. அவன் செருப்புக் காலாலை அந்தக் கையை மிதிச்சான். விரல் முறிஞ்ச சத்தம் சுத்திநிண்ட பொம்பிளையள் எல்லாருக்கும் கேட்டதாம். கேட்டுக்கொண்டுதான் நிண்டவையாம். அதுக்கு அவையை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை.

கதிராசியும் விடேல்லை. முறிஞ்ச கையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாவாம்: "பாத்துக்கொண்டு நில்லுங்கோடி! பானையைத்தானே உடைச்சவன்? உங்கடை கையையுமோ உடைச்சவன்? என்ரை கையுக்குள்ளை இன்னும் அரிசி கிடக்கு. உங்கடை கையிலை என்னடி கிடக்கு?"

அடுத்தநாள் காலமை சந்தியிலை பொலிசு. பக்கத்திலை உடையார். முன்னாலை கதிராசி வாறா, சீலைத்துண்டாலை சுத்தின கை பொத்தினபடி. பின்னாலை ஊர்ப் பொம்பிளையள். பையில்லை, கடகமில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு கையைப் பொத்திக்கொண்டு வாறாளாம்.

"என்ன எல்லாரும் கையைப் பொத்திக்கொண்டு?" எண்டு பொலிசுக்காரன் மறிச்சானாம்.

"கோவம், ஐயா" எண்டாளாம் ஒருத்தி.

"திற!"

திறந்தால் ஒரு பிடி அரிசி.

"ஆருக்கு?"

"கோழிக்கு."

"நீ?"

"நானும் கோழிக்குத்தான்."

"ஊர் முழுக்க ஒரே கோழிக்கோ?"

"பெரிய கோழி, ஐயா."

பொலிசுக்காரனுக்கே சிரிப்பு வந்திட்டுதாம். ஒரு பிடி அரிசிக்கு ஆரைப் பிடிக்கிறது? உடையார் துள்ளினார்: "எல்லாரையும் வேலையாலை நிப்பாட்டு!" கங்காணி காதுக்குள்ளை சொன்னானாம்: "எல்லாரையும் நிப்பாட்டினால் உப்பை ஆர் சுமக்கிறது, ஐயா? வானத்தைப் பாருங்கோ, மழை இருட்டுது. குவிச்ச உப்பெல்லாம் கரையப்போகுது."

கடைசியாப் பொலிசுக்காரன் கதிராசியைப் பாத்தான். "நீயும் திற!"

"இது திறவாது. ஏனெண்டு உடையாரைக் கேள்."

பொலிசுக்காரன் உடையாரைப் பாத்திட்டு, வழியை விட்டு விலகினானாம்.

அன்னமுத்து படலையிலை நிண்டு சுளகை நீட்டினாளாம். பிடி பிடியாய் விழுந்து சுளகு நிறைஞ்சுது. கதிராசியின்ரை விரல் இடுக்காலை சொரிஞ்சது புழுதியும் ரத்தமும் ஒட்டின அரிசி. அதைத்தான் முதல் உலையிலை போட்டாளாம். கோட்டிலை அவள் வாய் திறக்கேல்லை. சாட்சியில்லாமல் வழக்குத் தள்ளுபட்டு, ஆம்பிளையள் வீடு வந்து சேந்தினம். கதிராசியின்ரை கை மட்டும் பிறகு விரியேல்லை. கட்டையிலை வைக்கேக்கையும் பொத்தினபடிதான் போச்சாம்.

அண்டையிலையிருந்து இந்த ஊரிலை பானை வைக்கிறேல்லை. பானையெண்டால் உடைப்பாங்கள். ஒரு வீட்டிலை ஆளைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், ஆள் காணாமல் போட்டுது எண்டால், பொம்பிளையள் கையைப் பொத்திக்கொண்டு படலையிலை வந்து நிப்பினம். ஏன் வந்தனியள் எண்டு கேக்கக்கூடாது. சுளகை நீட்டவேணும். ஆமிக்காரன் சந்தியிலை நிண்ட காலத்திலையும் வந்தவை. பிள்ளையைத் தேடி முகாம் முகாமாய் அலைஞ்ச தாய்மாரின்ரை படலைக்கும் வந்தவை.

வாற அரசாங்கமெல்லாம் சந்திப் பலகைக்குப் புதுப் பெயின்ற் அடிச்சு உடையாற்றை பேரை எழுதுது. எழுதட்டும். பஸ்ஸிலை வாற ஒரு பொம்பிளையும் அந்தப் பேரைச் சொல்லி இறங்கிறேல்லை.

"பானை உடைச்ச சந்தி, இறக்கம்!"

அப்பிடித்தான் சொல்லுவினம். சத்தமாய்ச் சொல்லுவினம்.