ஏலப் படம்

படத்த மூடியிருந்த துணிய இழுத்தேன், ஸெய்னுலாப்தீன் நானா, அவ்வளவுதான். கடைக்குள்ள இருவது பேரு எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாங்க. ஸமத் முதலாளி படத்தப் பாக்குறாரு, என்னயப் பாக்குறாரு, திரும்பப் படத்தப் பாக்குறாரு. கண்ணாடியக் கழட்டி இடுப்புச் சாரத்துல தொடச்சி மாட்டிட்டு இன்னொருக்கா பாக்குறாரு. "இது என்னா தம்பி?"ன்னாரு. மெதுவாத்தான் கேட்டாரு. "ஏலம் முதலாளி. நீங்க கேட்ட ஏலம்"னேன். மனுசன் அப்புடியே மூட்ட மேல ஒக்காந்துட்டாரு...

இல்ல இல்ல, நீங்க ஒக்காருங்க. பஸ் இன்னும் பலாபத்வெலையே வரல. பல்லேபொலைக்குத்தானே டிக்கட் எடுத்தீங்க? காதுல விழுந்திச்சு. நானும் அங்கதான் எடுத்திருக்கேன். எனக்குப் பல்லேபொலைல ஒரு சோலியும் இல்ல. ஒங்க மடியில இருக்கே அந்தப் படங்குச் சுருள், லொறிக்குப் போடுற தார்ப்பாய், அதுக்குப் பின்னால ஏறி வந்தவன் நான். கொஞ்சம் தளர்த்திப் புடிங்க நானா, இறுக்கினா பெயின்ட் வெடிச்சிரும்.

ஆமா, அதுல படம் கீறினது நாந்தான். சுந்தரலிங்கம். மாத்தள டவுன்ல பாதிக் கடைக்கு வாசல்ல மாட்டுற பேர் போட் எழுதினது நானு. மத்தப் பாதி இராமசாமி எழுதினது, சில்லறைக்கு சின்ன ர போடுவான், அவன விடுங்க. காலைல முதலாளி கட வாசல்ல ஏலம் கூவினாங்களே, அங்க "ஸெய்னுலாப்தீன் நானாவுக்கு"ன்னு ஒங்க கையில இத குடுத்தாங்க பாருங்க, நான் பின்னாலதான் நின்னேன். பக்கத்துல நின்ன ஆளுகிட்ட நீங்க சொன்னதையும் கேட்டேன். மெளகு காயப் போட நல்லதுன்னு சொன்னீங்க.

ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். அதுல மெளகு காயப் போடாதீங்க.

ஏன்னு கேளுங்க... சரி, கேக்காட்டியும் சொல்றேன்.

போன வருசக் கடைசியில, எழுவதுல, லண்டன்ல ஒரு படம் வித்தாங்க. சினிமாப் படம் இல்ல, கீறின படம். முன்னூறு வருசத்துக்கு முந்தி ஸ்பெயின்காரர் ஒருத்தர் கீறினது. யாரு மொகம்னு நெனைக்கிறீங்க? ராசாவா? இல்ல நானா, அவருக்கிட்ட வேல செஞ்ச ஆளு. வேலக்கார மனுசன் கோட்டு மாதிரி ஒன்னப் போட்டுக்கிட்டு சும்மா பாக்குறாரு, அவ்வளவுதான். இருவத்திமூணு லச்சம் பவுணுக்குப் போச்சு. ரூவா இல்ல, பவுண். ஒலகத்துல ஏலத்துல போன படத்துலயே அதுதான் பெருசாம். பேப்பர்ல பாத்த அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல. அதுக்கு ஒம்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காவுல ஒன்னு போச்சு, ஒரு தாடிக்காரரு கல்லுல செஞ்ச தல மேல கைய வச்சிக்கிட்டு யோசிக்கிறாரு. அதுவும் இருவத்திமூணு லச்சம், ஆனா டொலர். நடுவுல ஒரு பொம்பளப் புள்ள படம் வேற, தோசத் தட்டு அளவுதான், சிரிக்கக்கூட இல்ல, அம்பது லச்சம் டொலருன்னு பேசிக்கிட்டாங்க, ஆனா அது ஏலத்துல போகல, கமுக்கமா வித்தது. கமுக்கமா விக்கிறது வேற நானா. ஏலம்னா நாலு பேருக்கு முன்னால எனக்கு எனக்குன்னு கேக்கணும். என் படம் ஒன்னும் ஒரு நாளைக்கி அப்புடிப் போகணும்னு... சரி, சிரிங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க.

ஸமத் முதலாளி கடைக்குள்ள ஒரு செவரு இருக்கு பாத்தீங்களா, கல்லாவுக்குப் பின்னால? வெறுஞ் செவரு. மூணு வருசமா கேக்குறேன், "முதலாளி, ஒரு படம் கீறித் தாரேன்"னு. "போட் எழுதினா காணும் தம்பி"ம்பாரு. அந்தப் பேப்பரப் பாத்ததும் நெனச்சேன், இதக் காட்டினா படத்தோட அரும புரியும்னு. ஓடுனேன். அவரு தராசுல கராம்பு நிறுத்துக்கிட்டு இருக்காரு, தல நிமுரல. நான் மூச்சு வாங்கிக்கிட்டு சொல்றேன், "முதலாளி, லண்டன்ல ஏலம் இருவத்திமூணு லச்சம் பவுணுக்குப் போயிருக்கு."

தராச விட்டுட்டாரு நானா.

"மெய்தானா?"ன்னாரு. "பேப்பர்ல போட்டிருக்கு"ன்னேன். "எடுத்தது யாரு?" "நியூயோர்க் யாவாரி ஒருத்தரு." "புதுசா?" "புதுசா? முன்னூறு வருசப் பழசு முதலாளி. பழசாகப் பழசாகத்தான் வெல." "பூச்சி அரிக்கல்லையா?" "அரிக்காம வச்சிருக்காங்க. அதுக்குன்னே ஆளு இருக்கு, காத்து படாம, வெயில் படாம." அவரு கண்ணுல தண்ணி வந்திருச்சு. எனக்கும் வந்திருச்சு. கராம்புக்கும் கொறக்காப் புளிக்கும் நடுவுல இப்புடி ஒரு ரசிகர் இருக்காரேன்னு நான் அழுவுறேன். அவரு என்னத்துக்கு அழுதாருன்னு எனக்கெப்புடித் தெரியும்?

மாத்தளைல யாவாரிக்கிட்ட போயி ஏலம்னா என்னா கேக்கும்? ஏலக்கா கேக்கும். எனக்கு ஏலம்னா சுத்தியலத் தட்டி விக்கிறது, அவருக்கு ஏலம்னா மூட்டையில கட்டுறது. படம்னு ஒரு சொல்ல முன்னால போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். போடல. அவசரம்.

"யாருக்கும் சொல்ல வாணாம் தம்பி"ன்னாரு. அப்புறம் அவரா சொல்றாரு, கேளுங்க, அவரா. "ஒங்களுக்கு அந்தச் செவரு வேணும்தானே? கீறுங்க. ஏலத்தையே கீறுங்க. பெருசா. ஆனா எங்கட கடயில உருவம் மாட்டுறல்ல. மனுசர் வாணாம், மாடு கண்டு வாணாம். ஏலம் மட்டும்." லொறில கெடந்த பழைய படங்கு ஒன்னையும் தூக்கிக் குடுத்தாரு, இதுல கீறுங்கன்னு. ஒங்க மடியில இருக்கிறது அதான்.

நீங்களே சொல்லுங்க. ஆளில்லாம ஏலம் கீற முடியுமா? ரெண்டு நாளு மண்டையப் பிச்சிக்கிட்டேன். மூணாம் நாளு வந்திச்சு பாருங்க யோசன. ஆளு ஒக்கார்ற கதிர வரிச கீறினேன். கதிர மேல ஒரு ஆள் ஒசரத்துல தொப்பி. நடுவுல மொகம் இல்ல, ஒன்னுமில்ல. கதிரைக்குக் கீழ காலில்லாத சப்பாத்து சப்பாத்தா. அங்கங்க ஒரு கொட மேல தூக்கி இருக்கு, வெல கேக்குற மாதிரி. முன்னால மேச, மேசைக்கு மேல ஒரு சுத்தியல், புடிச்சிருக்கிற கை இல்ல, காத்துல நிக்கிது, இப்ப தட்டப் போவுது... லண்டன்காரனுக்கு வந்திருக்காது இது. மேச மேல விக்கிற பொருள் ஏதாவது வைக்கணுமே? முதலாளி சந்தோசப்படட்டும்னு அவரு தராச வச்சேன், கல்லாப் பெட்டிய வச்சேன், அவரு கட போட்டயே வச்சேன், நான் எழுதினதுதானே, எழுத்துக்கு எழுத்து அப்புடியே. மூணு பூச்சு வெள்ள அடிச்சி, காய விட்டு, அதுக்கு மேல கீறினது நானா. தடவிப் பாருங்க. மெதுவா.

யாருக்கும் சொல்ல வேணாம்னாரு. சரி. ஆனா ஒரு மனுசனுக்கு இப்புடி ஒரு விசயம் தெரிஞ்சா அடக்கி வச்சிருக்க முடியுமா? மொதல்ல டீக்கட பேச்சியம்மா அக்காகிட்டதான் சொன்னேன். "அக்கா, ஏலம் என்னா போவுதுன்னு தெரியுமா லண்டன்ல?" அக்கா டீ ஆத்துறத நிப்பாட்டிருச்சு. எல்லாரும் கேட்டாங்க நானா, அதான் எனக்கு சந்தோசம். முன்னயெல்லாம் படத்தப் பத்திப் பேச வாய் தொறந்தா எந்திரிச்சிப் போயிருவாங்க. இப்ப நிப்பாட்டி, இன்னொருக்கா சொல்லுன்னு கேக்குறாங்க. உக்குவளையில ஒரு சலூனுக்கு போட் எழுதப் போனேன், சவரத்துல பாதி மொகத்தோட எந்திரிச்சி வந்து கேக்குறாங்க. மாத்தள மாவட்டத்துக்கே கலை வெறி புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா பேச்சியம்மா அக்கா மருமகன் சாக்கோட நக்கிள்ஸ் மலப் பக்கம் ஏறுறான். அவன் பின்னால இன்னொருத்தன். அது ஏதோ வேற சோலின்னு விட்டுட்டேன்.

சோலி என்னான்னா, எல்லாரும் மல ஏறி, பிஞ்சு கிஞ்சுன்னு பாக்காம ஏலக்காய ஆஞ்சி எறக்கிட்டாங்க. வெத கட்டல, வாசம் இல்ல, ஒடச்சா உள்ள காத்து. முதலாளி என்னா செஞ்சாரு? வந்ததெல்லாம் வாங்கினாரு. பழசாகப் பழசாகத்தான் வெலன்னு நான் சொன்னேனா, பிஞ்சா இருந்தா என்னா, முன்னூறு வருசம் வச்சிக்கலாம்னு நெனச்சிருப்பாரு போல. நான் படத்தத் தூக்கிக்கிட்டுப் போற அன்னிக்கிக் கடைக்குள்ள காலு வைக்க எடமில்ல. செவருக்குப் போறதுக்கு மூட்ட மேல ஏறித்தான் போனேன்.

துணிய இழுத்தேன். அங்கதான ஆரம்பிச்சேன்? ஆங்.

அவரு பாக்குறாரு. ஏலச்செடி இல்ல, பூ இல்ல, காய் இல்ல. தொப்பி நிக்கிது, சப்பாத்து நிக்கிது, நடுவுல ஆளு இல்ல. அவரு கடைய, அவரு தராச, அவரு பேரு போட்ட போட்ட மேச மேல வச்சி சுத்தியல் தானா எறங்குது. யாரோ பின்னால "ஜின்னு கூட்டம்"னாங்க. முதலாளி மூட்ட மேல ஒக்காந்துக்கிட்டே கேக்குறாரு, "என்ட கடய ஏலம் போடுறதையா தம்பி கீறிட்டு வந்தீங்க?"

"இல்ல முதலாளி, லண்டன் ஏலம். அந்தப் படம் போச்சே, அது"ன்னேன்.

"எந்தப் படம்?"

அந்த நிமிசம் எனக்கும் புரிஞ்சிச்சு, அவருக்கும் புரிஞ்சிச்சு. அவரு ஒக்காந்திருந்த மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு பிடி அள்ளினாரு. ஒன்ன ஒடச்சாரு. ஊதினாரு. பறந்திருச்சு.

ஏசினாரா? ஏசல நானா. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். ரொம்ப நேரம் படத்தயே பாத்தாரு. நான் மனசுக்குள்ள நெனச்சேன், ஆகா, இப்பதான் ரசிக்கிறாருன்னு. கடைசியில எந்திரிச்சி, "வேற வழி இல்ல, நீங்க கீறின மாதிரியே செஞ்சிருவம்"னாரு. மத்த நாளே மூட்டையெல்லாம் ஏலம்னு தண்டோரா போட்டுட்டாரு. சுத்தியல் கூட அந்தப் படத்தப் பாத்துத்தான் தேடி எடுத்தாரு, முன்ன அவருக்கு அந்த யோசன இல்ல. கட தப்பிச்சிச்சு, அல்லா காப்பாத்தினாருன்னு அவரே சொன்னாரு, கறித்தூள் அரைக்கிற ஆளுங்க வந்து மூட்டைய தூக்கிட்டாங்களே, நீங்களும் பாத்தீங்க.

மூட்டையெல்லாம் முடிஞ்சி கடைசியா இதத் தூக்கினாரு. என்னான்னு கூவினாரு தெரியுமா? "பெயின்ட் அடிச்ச படங்கு ஒன்னு." நான் கூட்டத்துக்குள்ளேருந்து கத்துறேன், "படங்கு இல்ல முதலாளி, படம், படம்"னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்களும்தான் சிரிச்சீங்க, நான் பாத்தேன். நீங்க ஒருத்தர் கேட்டீங்க, எதுக்கால ஒரு லொறிக்காரர் கேட்டாரு, நீங்க ஏத்தினீங்க, அவரு ஏத்தினாரு. அந்த ரெண்டு நிமிசம் இருக்கே நானா... தொகைய விடுங்க, அத சொன்னா வெக்கம். ஆனா ரெண்டு பேரு எனக்கு எனக்குன்னு கேட்டீங்கதானே? அதத்தான் சொல்றேன். மெளகு காயப் போடுற சாமானா அது? வெயில்ல கெடந்தா தொப்பியெல்லாம் வெளுத்துரும். வீட்டுக்குள்ள உருவம் மாட்டுறல்லதான், தெரியும், அதுலதான் உருவமே இல்லையே. ஒரு ஆளு இல்ல. ஒங்களுக்குன்னே கீறின மாதிரி இருக்கு.

என்னா?

தண்ணி எறங்குமாவா... எறங்காது. மூணு பூச்சுன்னு சொன்னேனே. தட்டிப் பாருங்க. தகரம் மாதிரி.

...இன்னொன்னா? எனக்கிட்டயா கேக்குறீங்க? யாருக்கு, மச்சானுக்கா? அட, அதுக்கென்னா நானா, செய்றேன், இந்த வாரமே செய்றேன். படங்கு அவரு குடுப்பாரா? நல்லது. இப்ப சொல்லுங்க, என்னா கீறட்டும்? அவருக்கு என்னா விருப்பம்? மல கீறட்டுமா? நாலந்த வாவி?

...ஓ.

ஒன்னும் கீற வேணாமா. பெயின்ட் மட்டும் பூசினா காணுமா. பச்ச.

...சரி நானா. பச்ச பூசித் தாரேன். மேல் பக்கம் பச்ச. அடிப் பக்கம் மண்ணப் பாத்துத்தானே கெடக்கும்? யாரும் பெரட்டிப் பாக்க மாட்டாங்கதானே? இல்ல, சும்மாதான் கேட்டேன். மச்சானுக்கு ஒன்னும் சொல்லாதீங்க.

எறங்குற எடமா? பாத்து, பாத்து, கதவுல உரசாம... நானா, எந்தப் பக்கத்த மேல வச்சி விரிப்பீங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க. நானா...

போயிட்டாரு. மழைக்கு அதத் தலைக்கு மேல வச்சிக்கிட்டு ஓடுறாரு.

ஏங்க, முன் சீட்டு அண்ணே, ஒங்களத்தான். தூங்கலதானே? நீங்க ஒன்னச் சொல்லி, கேட்டவரு வேற ஒன்னக் கேட்டு, கடைசியில ரெண்டு பேரு ஆசப்பட்டதும் எக்குத்தப்பா அப்புடியே நடந்துருது பாருங்க... ஒங்களுக்கும் எப்பவாவது இப்புடி நடந்திருக்கா?