கறுப்புத் திரையிலிருந்து வெளியே வரும் வழி

தலைமை ஏற்றிருக்கும் விதைச் சங்கத் தலைவர் சக்கரவர்த்தி அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் கிருபாவதி அவர்களே, நெல்லிவாசல்நாட்டு ஊர்களிலிருந்து ஜீப்பிலும் நடந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! முறையாகப் பேசத்தான் எழுந்தேன். பேச்சு எங்கே போய் நிற்குமோ தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கத்தின் கணினி நிரலாளர் ஆரோக்கியநாதன் போய்விட்டார். போளூரிலிருந்து மலையேறி வந்த அந்த மனிதரை ஞாயிறன்று மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. யாரிடம் எந்தச் சாமை விதை இருக்கிறது, யாருக்குக் கேழ்வரகு விதை வேண்டும் என்று தேடித் தரும் கருவியைச் செய்தவர் யார்? அவர்! சிக்னல் இல்லாத இடத்தில், சங்கத்தின் பழைய கணினியிலும் ஓடும்படி, கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கமாண்ட் லைன் கருவியாக அதை அமைத்தவர் யார்? அவர்! எழுத்துகள் மட்டுமே தெரியும் அந்தக் கறுப்புத் திரையைக் கண்டு நாம் அஞ்சியபோது, நம்மைத் திட்டாமல் தன்னையே திட்டிக்கொண்டவர் யார்? அவரேதான்!

ஒரு நாள் நம் சங்க உறுப்பினர் திரௌபதி அம்மா விதை தேட உட்கார்ந்தார். உதவிப் பக்கத்தைத் திறந்துவிட்டார். வெளியே வர முடியவில்லை. ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். அது எந்த எழுத்து என்று அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. அம்மா தட்டாத விசையில்லை.

"இன்னாங்க இது? உள்ள வுட்டுட்டு கதவ சாத்திக்குது!" என்றார்.

எனக்கு அந்த எழுத்து தெரியும்; தட்டிவிடக் கையை நீட்டினேன். ஆரோக்கியநாதன் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க விஜயராஜ். இன்னிக்கு நீங்க வெளிய இட்டாந்துடுவீங்க. நாளைக்கு யாரு இட்டார்றது?" பிறகு தன் இரு கைகளையும் கட்டிக்கொண்டு, அம்மா எங்கெங்கே திணறுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா மனுசங்க நீங்க!" என்று அம்மா திட்டினார். அதையும் கேட்டுக்கொண்டார்.

அன்று தோன்றியதுதான் அந்தத் திட்டம். கட்டற்ற மென்பொருள் அமைப்பு ஒன்றுக்கு எழுதினார்: மாணவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், கூட ஒரு வழிகாட்டியை வையுங்கள், இத்தகைய கருவிகளை எவரும் பயன்படுத்தும்படி மாற்றுவோம் என்று. அவர் சொன்ன முதல் வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு திரையிலும் வெளியே வரும் வழியை எழுதுவது! மக்கள் கணினி முன் உட்காரும்போது வழிகாட்டி கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும் என்றும் விதி வைத்தார். ரொம்பச் சின்ன வேலை என்று தள்ளினார்கள். மறுபடி எழுதினார். மறுபடியும் தள்ளினார்கள். இந்த ஆண்டு ஏற்றுக்கொண்டார்கள். செய்தி வந்த வாரத்திலேயே மனிதர் இல்லை!

அந்த விண்ணப்பத்தில் இரண்டாம் வழிகாட்டி என்று என் பெயரைப் போட்டிருக்கிறார். கேட்டார்தான். திரௌபதி அம்மா எதிரிலேயே, கையில் டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் எவன் மறுப்பான்? தலையாட்டிவிட்டேன். பெயருக்குத்தானே, அவர் இருக்கிறாரே என்று நினைத்தேன். எனக்குத் திருப்பத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. என் மனைவி கலைவாணி குழந்தைகளோடு முன்பே இறங்கிவிட்டார். தினமும் போனில் ஒரே கேள்விதான்: "எப்பங்க கீழ வர்றீங்க?" அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தேன்.

நேற்று அந்த அமைப்பு கேட்டது: மலையில் வழிகாட்டி உண்டா, இல்லையா? இல்லையென்றால் திட்டம் ரத்து. அதே செய்தியில் பயிற்சிக்குத் தேர்வாகி, கிடைத்த வேலையையும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த மாணவி சசிகலா அதோ உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் திரௌபதி அம்மா. இருவரும் என்னையே பார்க்கிறார்கள். நான் எந்தப் பக்கம் திரும்புவேன்? திரும்பினால், ஆரோக்கியநாதன் அய்யா, மாலை போட்ட உங்கள் படம்!

கோபமாக வருகிறது அய்யா. நன்றாக மாட்டிவிட்டுப் போனீர்கள்! கலைவாணிக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த மைக்கைவிட அந்தப் போன்தான் எனக்குப் பயம்.

எல்லாத் திரையிலும் வெளியே வரும் வழியை எழுதச் சொன்ன ஆரோக்கியநாதன் அவர்களே, எனக்கு மட்டும் எழுதாமல் போய்விட்டீர்களே! இந்தச் சபையின் முன் சொல்கிறேன்: உங்கள் வேலை நிற்காது. சசிகலா செய்வார். திரௌபதி அம்மா தட்டிப் பார்ப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.