மச்சினன் கைவிட்ட பாறை

இது நான் பார்த்த கதை இல்லை. என் சித்தப்பா ராக்கன் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாரும்" என்றார். கீழே ரோட்டோர விடுதியில் யாரோ பாசிமணி போட்டுக்கொண்டு விருந்தாளிகளுக்கு, தேனெடுக்கையில் நாங்கள் பாடும் தேன்பாட்டைப் பாடியதைக் கேட்டுவிட்டு வந்த கோபத்தில் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் என்னுடையது.

ரோடு மலையேறாத காலமாம். எங்கள் கூடல்பதியில் நஞ்சி என்று ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரே தம்பி, மருதன். அப்போது கீழ்நாட்டிலிருந்து அய்யாவு என்று ஒரு வியாபாரி வந்தானாம். வந்தான், மருதனோடு களி தின்றான், தேன்பாட்டைக் கற்றான், போனான். போனவன் ஆட்களோடு திரும்பி வந்து, "இந்தத் தேன்பாறை என்னுது" என்றானாம். தன் பாறையிலேயே தேனெடுக்கப் போன நஞ்சி புருஷன் மசணனை, திருடன் என்று அடித்தானாம். அந்த அடியில் மசணன் செத்தானாம்.

மூன்று மாதம் கழித்து, பாறை யாருக்கு என்று தாள் எழுதிக் கொடுக்க ஒரு துரை வந்தாராம். தமிழ் தெரிந்த துரை. அய்யாவு பாசிமணி போட்டுக்கொண்டு துரைக்கு முன்னால் வந்து நின்றானாம். "நானும் இந்தச் சனம்தானுங்க" என்று பாட்டைப் பாடினானாம். எங்கள் ஆட்களைவிட நன்றாகப் பாடினானாம்! துரை தலையாட்டினாராம்.

நஞ்சி சிரித்தாளாம். "பாட்டு தேனாட்டம் இருக்கு. எங்க, கொடியைக் கட்டிப் பாறையில எறங்கிக் காட்டச் சொல்லுங்க தொரை."

"எறங்கறேன். எங்க ஆளுக ரெண்டு பேரு மேல நின்னு கொடியைப் பிடிப்பாங்க" என்றானாம் அய்யாவு.

சனமெல்லாம் கொல்லென்று சிரித்ததாம்.

"ஏன் சிரிக்கிறீங்க?" என்றாராம் துரை.

"பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையிலதானுங்க எங்காளு கொடியைக் கொடுப்பான். பொறந்தவ தாலியறுக்க எவன் விடுவான்? இவன் எங்காளுன்னா, இவன் மச்சினன் எவன்?" என்றாளாம் நஞ்சி.

பாட்டில் அது இல்லையே! கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தானாம் அய்யாவு. அவனுக்குப் பேர் தெரிந்தது ஒருத்தனைத்தான்.

"இதோ, மருதன்! இவன்தான் எம் மச்சினன்!"

நஞ்சி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாளாம்.

"ஆமாங்க தொரை. மருதனுக்கு அக்கா நான் ஒருத்திதான். அப்ப இவரு எம் புருசன். எறங்கட்டும்."

இறங்காவிட்டால் தாள் இல்லை. கொடியை மருதன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினானாம். பாதிப் பாறையில் தேனீ கிளம்பியதாம். "தூக்கு! தூக்கு!" என்று கத்தினானாம்.

நஞ்சி எட்டிப் பார்த்துக் கேட்டாளாம்: "உங்க பேரு என்னங்க? எம் புருசன் பேரைச் சொல்லுங்க, தூக்கச் சொல்றேன்."

"தெரியாது தாயி! தூக்கு!"

"மசணன்டா. நீ அடிச்சுக் கொன்ன மசணன்."

மருதன் அக்காளைத் திரும்பிப் பார்த்தானாம். "அக்கா, பிடிக்கட்டுமா?"

"யாருக்காகடா பிடிக்கற? நான் தாலியறுத்து மூணு மாசமாச்சு."

மருதன் கையை விரித்தானாம்.

அதனால்தான் அது மச்சினன் கைவிட்ட பாறை. இன்றும் அங்கே இறங்குகிறவன் "கொடி இருக்கா?" என்று கேட்டால், பிடித்திருப்பவன் பதில் சொல்ல மாட்டான். பக்கத்தில் நிற்கும் அவன் அக்காளோ தங்கச்சியோ "இருக்கு" என்று சொன்ன பிறகுதான் கால் வைப்பான்.

போன மாதம் பழைய வனக் காகிதங்களைத் தேடிப் பார்த்தேன். பாறை மருதன் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. அதே தாளில், அய்யாவு செத்ததற்குக் காரணம் என்று துரை எழுதியிருப்பது: கொடி அறுந்தது.